மார்கழியில் கையெழுத்து வைக்க வேண்டாம்

கஜந்தினி என் தம்பி இரத்தினசிங்கத்தின் ஒரே மகள். தம்பிக்கும் எனக்கும் பிறகு ஒரு தங்கச்சி. அவள் கோப்பாயில் கலியாணம் கட்டிப் போய் அங்கேயே கண்ணை மூடிவிட்டாள். அவள் விட்டுப்போன மகன் கதிர்காமநாதன். கஜந்தினியின் தாய் உஷா. உஷாவின் தம்பி கேதீஸ்வரன். இந்த ஐந்து பேரையும் மனதில் வைத்திருந்தால் போதும், மற்றவர்கள் வந்து போகிறவர்கள்தான்.

நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறின இந்த வெளிநாட்டில், மனுரேவா என்கிற இடத்தில் தம்பியின் வீடு இருந்தது. நான் என் மகன் திலக்சனோடு பக்கத்துத் தெருவில் இருந்தேன், இப்பவும் இருக்கிறேன். கஜந்தினி பிறந்தது மிடில்மோர் ஆஸ்பத்திரியில். இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும். இவள் இரண்டையும் கலந்து சொல்லுவாள். அதற்குக் காரணம் கடிதங்கள். விசா அலுவலகம், பள்ளிக்கூடம், வாடகை வீட்டுக்காரன் என்று எங்களுக்கு வருகிற கடிதம் எல்லாவற்றையும் எட்டு வயதிலிருந்து வாசித்துத் தமிழில் சொன்னவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் சனம் கடித உறைகளோடு வந்து அவர்கள் வீட்டு ஹோலில் குந்தியிருக்கும். ஒரு கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதை முகத்தில் காட்டாமல் முழுவதையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் வாய் திறப்பாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது தம்பிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதையும் அப்படித்தான் வாசித்தாள். வாசித்துவிட்டு, "அப்பா, அம்மாவும் வந்த பிறகு சொல்லட்டோ?" என்று கேட்டாள். தம்பி அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தான்.

அவள் சட்டம் படிக்கப் போனது ஒருவருக்கும் ஆச்சரியமாக இருக்கவில்லை. உஷா வயோதிபர் இல்லத்தில் ஆட்களைக் குளிப்பாட்டித் துடைத்துத்தான் அவளைப் படிப்பித்தாள்.

நாலாம் வருசம் முடிகிற நேரம் ஒரு பெரிய வக்கீல் கந்தோரில் கோடைகாலத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பம் போட்டாள். இந்த நாட்டில் அதற்கு சமர் கிளார்க் என்று பெயர். இங்கே டிசம்பரில்தான் கோடை. நவம்பர் கடைசியில் எடுத்து, பத்துக் கிழமை வேலை கொடுத்துப் பார்த்து, பெப்ரவரியில் யார் யார் நிரந்தரம் என்று சொல்லுவார்கள். ஒன்பது இடத்துக்குப் போட்டாள். இரண்டு இடம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது.

"பெரியப்பா, பொழுதுபோக்கு என்னெண்டு கேப்பினமாம். நான் என்ன சொல்ல?"

"சனத்தின்ர கடிதம் வாசிக்கிறது எண்டு சொல்லு."

"சிரிப்பினம்."

"சிரிச்சா நல்லதுதானே. அழுகிற ஆக்களை ஆரும் வேலைக்கு எடுக்கிறேல்லை."

அவள் அதையே சொன்னாளாம். ஒரு இடம் எடுத்தது.

நகரத்தில், துறைமுகம் தெரிகிற உயர்ந்த கட்டடம். பன்னிரண்டு பிள்ளைகளை எடுத்தார்கள், அதில் ஏழு பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். இது முதல் நாளே அவர்களுக்குத் தெரியும். மற்றப் பதினொரு பேரில் ஒரு பெடியனின் தகப்பன் நீதவான், இன்னொரு பிள்ளையின் மாமன் அதே கந்தோரில் முன்பு பங்காளியாக, அதாவது முதலாளிகளில் ஒருவராக இருந்தவர். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிய எல்லாரையும் மேல்மாடிக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் குடிக்கக் கொடுப்பார்களாம். ஒரு நாள் கப்பலிலும் கொண்டுபோனார்கள்.

"வேலையை மட்டும் பாக்கேல்லை பெரியப்பா. கிளாஸை எப்பிடிப் பிடிக்கிறம், ஆரோட நிண்டு கதைக்கிறம், எல்லாம் பாக்கினம்."

"நீ என்ன குடிக்கிறனி?"

"தோடம்பழச் சாறு. ஐஸ் கட்டி நிறையப் போட்டா வித்தியாசம் தெரியாது."

அந்தக் கோடைக்கு ரயில் பாதை திருத்த வேலை நடந்தது. மனுரேவாவில் ரயிலுக்குப் பதிலாக பஸ். ஆறு மணிக்கு முதல் வெளிக்கிட்டால்தான் எட்டுக்குக் கதிரையில் இருக்கலாம். அவள் ஏழே முக்காலுக்கு இருந்தாள். அவளுக்கு மேலே இருந்தவ அலிசன் என்கிற பங்காளி மனுசி. மெலிந்த ஆள், சத்தம் போட மாட்டா, ஆனால் ஒரு எழுத்து பிழைத்தாலும் சிவப்பில் கோடு போட்டுத் திருப்பித் தருவா என்று கஜந்தினி சொல்லுவாள். அந்த மனுசியின் பகுதியில் இடம் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய எண்ணம் முழுவதும். முதலாளி தொழிலாளி வழக்குப் பார்க்கிற பகுதி அது.

முதல் கிழமையே ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். கந்தோரின் வாடிக்கையாளர்களோடு சம்பந்தம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க, குடும்ப ஆட்களையும் அவர்கள் வேலை செய்கிற இடங்களையும் எழுதச் சொல்லி. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துக்கொண்டு, "குடும்பம் எண்டா எதுவரைக்கும் பெரியப்பா?" என்று கேட்டாள்.

நான் விரலை மடக்கத் தொடங்கினேன். தாய் வழி, தகப்பன் வழி, உஷாவின் பெரியம்மாவின் மருமக்கள், பப்பாகுராவில் இருக்கிற சகலன்மார் என்று இரண்டாவது கைக்கு வரும்போது கேதீஸ்வரன் குறுக்கே விழுந்தான்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. பிள்ளைக்கு ஒரு படிவம்தான் குடுத்திருக்கினம். நீங்கள் சொல்லுறதுக்குப் பெட்டியோட பேப்பர் வேணும்."

எல்லாரும் சிரித்தோம். அவள் தாயின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

டிசம்பர் தொடக்கத்தில் அலிசன் அவளிடம் ஒரு கோப்பைக் கொடுத்தா. விரி என்கிற இடத்தில் இருக்கிற ஒரு பெரிய களஞ்சியம். சாமான்களை இறக்கி, அடுக்கி, கடைகளுக்கு அனுப்புகிற இடம். கம்பெனிக்காரர் அதைப் பூட்டிவிட்டு ஹமில்டனுக்குப் போவதாக முடிவெடுத்திருந்தார்கள். பெப்ரவரி இரண்டாம் கிழமை வேலையாட்களுக்குச் சொல்லுவது, அதுவரைக்கும் வாய் திறக்கக் கூடாது. வேலையாட்களுக்குக் கொடுக்கிற கடிதங்களைச் சட்டப்படி எழுதுகிற வேலைதான் இவளுக்கு. இவ்வளவும் அவள் எனக்குப் பிறகு சொன்னது. அந்த நேரம் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

அந்தக் களஞ்சியத்தில்தான் என் தங்கச்சி மகன் கதிர்காமநாதன் வேலை செய்தான். மூன்று வருசத்துக்கு முதல் வேலை விசாவில் வந்தவன். அந்த விசா அந்தக் கம்பெனியின் பெயரில் இருந்தது. கஜந்தினிக்கு அது தெரியும். கோப்பைக் கையில் வாங்கின நேரமே, "எனக்குத் தெரிந்த ஒருவர் அங்கே வேலை செய்கிறார்" என்று அலிசனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் கோப்பை வாங்கி வேறு பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள். அந்த மனுசி அவளை நம்பிக் கொடுத்த முதல் பெரிய வேலை அது. அவள் சொல்லவில்லை. தகப்பனின் தங்கச்சி மகன்தானே, ஒரே வீட்டில் இருக்கிற ஆளில்லையே என்று நினைத்தாளாம்.

டிசம்பர் பதினாலாம் திகதி சனிக்கிழமை. கேதீஸ்வரன் மனுசியோடு வந்தான். அவன் புக்கெகோஹியில் மரக்கறி கழுவிப் பெட்டியில் அடைக்கிற இடத்தில் பதினொரு வருசமாக வேலை. குளிர்த் தண்ணிக்குள் நின்று நின்று அவனுக்கு விரல் மடங்காது. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்ததும் ஏதோ நல்லது என்று விளங்கிவிட்டது.

"அக்கா, வேலை கிடைச்சிட்டுது. விரியில, எங்கட கதிர் வேலை செய்யிற இடம். சூப்பவைசர். அவன்தான் சொல்லி எடுத்துத் தந்தவன். வெள்ளிக்கிழமைக்கு முதல் கையெழுத்து வைக்கோணும். திங்கக்கிழமை இவங்களுக்கு நோட்டிஸ் குடுத்துட்டு வாறன். இனி வெங்காயத்தைக் கண்ணாலயும் பாக்க மாட்டன்."

உஷா சாமி அறைக்குப் போய்த் திருநீறு எடுத்துக்கொண்டு வந்தாள். கஜந்தினி குசினியில் தேத்தண்ணிக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். நான் கதவடியில் இருந்ததால் எனக்குத் தெரிந்தது. அவள் ஒரே கோப்பையைக் கழுவிக்கொண்டே நின்றாள். பைப்பை மூடவில்லை.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து மாமனுக்கு முன்னால் நின்றாள்.

"மாமா, நாளையிண்டைக்கு மார்கழி பிறக்குது என்ன?"

"பிறக்குது. அதுக்கு?"

"மார்கழியில புதுசா ஒண்டும் தொடங்கக் கூடாதெல்லோ. தை பிறந்தாப் பிறகு கையெழுத்து வையுங்கோவன். இங்கயும் நோட்டிஸ் குடுக்காமல் இருங்கோ."

ஹோலில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். கேதீஸ்வரனுக்கு இருமலே வந்துவிட்டது.

"அக்கா, உன்ர மகளைப் பார். அமாவாசைக்கு முட்டைப் பொரியல் கேக்கிறவள், எனக்கு நாள் பாத்துச் சொல்லுறாள்! வக்கீல் கந்தோரில பஞ்சாங்கமும் வைச்சிருக்கிறாங்களோ?"

அவள் சிரிக்கவில்லை. "பிளீஸ் மாமா," என்றாள்.

உஷாதான் அதைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளையின்ர வாயில சாமி வந்து சொல்லுது. நீ பகிடி விடாத. ஒரு மாசம் பொறுத்தா என்ன? அவங்களிட்டக் கேள், தை பொங்கலுக்குப் பிறகு வாறன் எண்டு." கேதீஸ்வரனின் மனுசியும் அதற்கு ஆமாம் போட்டாள். எங்கள் சனத்துக்கு மார்கழி என்றால் அவ்வளவுதான். கலியாணமும் இல்லை, புதுவீடு குடிபூரலும் இல்லை. கேதீஸ்வரன் தலையைச் சொறிந்துவிட்டு, சரி, கேட்டுப் பார்க்கிறேன் என்றான். களஞ்சியத்துக்காரரும் கிறிஸ்மஸ் நேரம்தானே என்று ஜனவரி இருபது வரைக்கும் தவணை கொடுத்தார்கள்.

நான் வீட்டுக்கு நடந்து போகும்போது அவள் கழுவிக்கொண்டே நின்ற அந்தத் தேத்தண்ணிக் கோப்பைதான் என் மனதில் ஓடியது. கடிதம் வாசிக்கும்போது முகத்தில் ஒன்றும் காட்டாத பிள்ளை. அவள் வேலை செய்வது எந்தக் கந்தோரில், அவளுக்குக் கொடுத்தது எந்தப் பகுதி என்று எனக்குத் தெரியும். பாதி வழியில் எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த நாள் காலை போனேன். உஷா வேலைக்குப் போயிருந்தாள். கஜந்தினி உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, விரியில அந்த இடம் பூட்டுப்படப் போகுதோ?"

அவள் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பெரியப்பா, ஐ காண்ட். அதைப்பற்றி நான் கதைக்க ஏலாது."

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"உங்கள் ஒருத்தருக்கும் நான் ஒண்டும் சொல்லேல்லை. மார்கழி எண்டு மட்டும்தான் சொன்னனான். ஆரிட்டயும் கதைக்காதேங்கோ. கதைச்சா எனக்கு எல்லாம் முடிஞ்சுது பெரியப்பா. இந்த இடம் மட்டுமில்லை, நான் வக்கீலா வாறதே போயிடும்."

"நான் ஏன் கதைக்கிறன்?" என்றேன்.

ஒன்பது நாள் கதைக்கவில்லை.

அந்த ஒன்பது நாளும் எனக்கு ஒரு கணக்குத்தான். கேதீஸ்வரன் அவளுக்குத் தாய்மாமன், மாமனுக்காக அவள் வாய் திறந்தாள். கதிர்காமநாதனுக்கு நான் தாய்மாமன். தங்கச்சி கடைசியாகப் போனில் சொன்னது, "அண்ணை, என்ர பிள்ளைக்கு அங்க உங்களைத் தவிர ஆள் இல்லை" என்பதுதான். அவனுடைய வேலை போனால் விசா போகும். விசா போனால் அவனுக்கு இருக்கிற நாட்கள் கொஞ்சம், அதற்குள் வேறு கம்பெனி பிடிக்க வேண்டும். முன்கூட்டித் தெரிந்தால் தேடிப் பிடிக்கலாம். கேதீஸ்வரனுக்குப் போகிறது இன்னும் கிடைக்காத வேலை. இவனுக்குப் போகிறது நாடு.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் பகல் அவனுக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, நீ வேற இடம் ஒண்டு பாக்கத் தொடங்கு."

"ஏன் மாமா?"

"சும்மா. ஒரே இடத்தை நம்பியிருக்கக் கூடாது."

"மாமா, நீங்கள் சும்மா போன் எடுக்கிற ஆளில்லை. எங்கட இடத்தில ஏதும் பிரச்சினையோ? ஆர் சொன்னது?"

நான் பேசவில்லை.

"கஜியோ?"

அதற்கும் பேசாமல் இருந்தேன். அவளுடைய பேச்சில்லாமையை நான் எப்படி விளங்கினேனோ, அவனும் என்னுடையதை அப்படியே விளங்கிக்கொண்டான். இதெல்லாம் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை.

"சரி மாமா. நான் ஆரிட்டயும் சொல்ல மாட்டன்," என்றான்.

அவன் கெட்டவன் இல்லை. கிறிஸ்மஸ் லீவு முழுக்க நித்திரை இல்லாமல் இருந்திருக்கிறான். பத்து இடத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். ஒருவரும் லீவில் பதில் போடவில்லை. ஜனவரி நடுவில் வேலைக்குத் திரும்பினான். அவனுடைய மனேஜர் நல்ல மனுசன், சமோவாக்காரன், இவனோடு ஒன்றாக இருந்து சாப்பிடுகிறவன். நேர்மையாகக் கேட்டால் நேர்மையாகப் பதில் வரும் என்று நினைத்து அந்தக் கிழமையே அவனிடம் போய்க் கேட்டுவிட்டான். இந்த இடம் பூட்டப் போகிறீர்களாமே, எனக்கு விசா இருக்கிறது, உண்மையைச் சொல்லுங்கள் என்று. மனேஜருக்கே அது தெரியாது. உனக்கு யார் சொன்னது என்று கேட்டிருக்கிறான். எங்கள் சொந்தக்காரப் பிள்ளை ஒன்று வக்கீல் கந்தோரில் வேலை செய்கிறது என்று இவன் சொல்லியிருக்கிறான்.

மனேஜர் மேலே கேட்டான். மேலே இருந்தவர்கள் வக்கீல் கந்தோருக்குப் போன் எடுத்தார்கள். கேதீஸ்வரனுக்கு, கையெழுத்தை இன்னும் கொஞ்சம் பிந்திப் பார்ப்போம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

ஜனவரி இருபத்திரண்டு, புதன்கிழமை, பகல் பதினொரு மணி. அவளை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். அலிசனும் ஆட்கள் விசயம் பார்க்கிற ஒரு ஆளும் இருந்தார்கள். மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீர் அவளுக்கு என்று வைத்திருந்தது. அதைக் கண்டதும் தெரிந்துவிட்டது என்றாள்.

விரிக் கோப்பு பற்றி வெளியில் யாரிடமும் ஏதாவது சொன்னாயா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். கதிர்காமநாதனுக்கு அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அது உண்மை. ஆனால் அவள் முழுவதையும் சொன்னாள். மாமன் அங்கே வேலைக்குப் போக இருந்ததை, மார்கழி பிறக்கிறது என்று தான் சொல்லி நிறுத்தினதை. மார்கழி என்றால் என்ன என்று அலிசன் கேட்டாவாம். அது ஒரு மாதம், அந்த மாதத்தில் நாங்கள் நல்ல காரியம் தொடங்க மாட்டோம் என்று அவள் விளக்கம் சொல்ல, பக்கத்தில் இருந்த ஆள் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டாராம்.

"நீ அதை நம்புறியா?" என்று அலிசன் கேட்டா.

"இல்லை," என்றாள் இவள்.

"அப்ப அது பொய்."

"ஓம்."

உன் மச்சான் அங்கே வேலை செய்வது உனக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும். ஏன் சொல்லவில்லை? கோப்பை எடுத்துவிடுவீர்கள் என்று பயந்தேன். அவ்வளவும் எழுதினார்கள். அன்றைக்கே கதவு திறக்கிற அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முடிவு பெப்ரவரி பத்தாம் திகதி, மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற அதே நாளில் வரும் என்றார்கள். அதற்கு முதல் ஏதும் எழுதிக் கொடுக்க இருந்தால் கொடுக்கலாம்.

பின்னேரம் நான் போனபோது அவள் கந்தோர் உடுப்போடேயே வாசல் படியில் இருந்தாள். நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "கதிருக்கு ஆர் சொன்னதெண்டுதான் எனக்கு விளங்கேல்லை," என்றாள்.

"நான்தான் பிள்ளை."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் ஒரு பெடியன் சைக்கிளில் போனான், அவன் மூலை திரும்பும் வரைக்கும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி உள்ளே போனாள்.

அந்தப் பத்தொன்பது நாளில் என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். கந்தோரிலிருந்து அவளுக்கு ஒரு குற்றக் கடிதம் வந்தது, அதில் அவள் மாமனுக்கும் கதிருக்கும் என்று இரண்டு பேருக்கு விசயத்தைச் சொன்னதாக இருந்தது. அதில் ஒன்று பிழை. கதிருக்குச் சொன்னவன் நான், எனக்கு அவள் சொல்லவில்லை, நானாக ஊகித்தேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் பாதியாவது குறையும் என்று நினைத்தேன். அவளிடம் எழுதித் தரச் சொன்னேன். "நான் எழுதக் கூடாது பெரியப்பா. நான் எழுதினா நம்ப மாட்டினம்," என்றாள். அதுதான் அவள் அன்றைக்கு என்னோடு கதைத்தது.

திலக்சன் எழுதினான். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவன் இங்கிலீஷில் அடித்தான். நடுவில் நிறுத்தி, "அப்பா, ஏன்தான் போன் எடுத்தனீங்கள்?" என்று கேட்டான். "அதையும் எழுது," என்றேன்.

மனுரேவா நூலகத்தில் சனிக்கிழமை காலையில் சமாதான நீதவான் வந்து இருப்பார், அத்தாட்சிக் கையெழுத்துக்கு. விரேந்திரா என்று பிஜிக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். முன்னால் பத்துப் பேர் பாஸ்போர்ட் பிரதியோடு வரிசையில் நின்றார்கள். என் முறை வந்ததும் பேப்பரை ஒரு தரம் வாசித்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் வாசித்தார்.

"என்ன எழுதியிருக்கு என்று உங்களுக்குத் தெரியுமா ஐயா?" என்று இங்கிலீஷில் கேட்டார். திலக்சன் தமிழில் சொன்னான்.

"தெரியும். நான்தான் சொன்னது."

"இதில் உங்களைப் பற்றி நல்லதாக ஒன்றும் இல்லையே."

"நல்லது இருந்தா உங்களிட்ட ஏன் வாறன்?"

அவர் சிரிக்கவில்லை. பேனையை என் பக்கம் நீட்டினார். நான் தமிழில் கையெழுத்து வைத்தேன், எனக்கு அதுதான் தெரியும். அதன் கீழே அவர் முத்திரை குத்தித் தந்தார். திங்கட்கிழமை திலக்சன் அதை நகரத்துக்குக் கொண்டுபோய் அந்தக் கட்டடத்தின் கீழ் மேசையில் கொடுத்தான். வாங்கின பிள்ளை நன்றி சொல்லியதாம்.

பத்தாம் திகதி காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் போன் வரும் என்று எல்லாக் கிளார்க்குகளுக்கும் சொல்லியிருந்தார்கள். உஷா வேலைக்குப் போகவில்லை. காலை ஆறு மணியிலிருந்து விளக்கேற்றி வைத்துக்கொண்டு சாமி அறையிலேயே இருந்தாள். நானும் போயிருந்தேன், வரவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கஜந்தினி சாப்பாட்டு மேசையில் போனை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தாள்.

பத்து மணிக்குப் போன் அடித்தது. அது என்னுடைய போன். கதிர்காமநாதன்.

"மாமா, நீங்கள் சொன்னது சரி. இப்பதான் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னவங்கள். நூற்றிநாற்பது பேர். ஆளுக்கொரு கடிதம் தந்திருக்கிறாங்கள்."

"உனக்கு வேற இடம்?"

"ஒண்டும் சரிவரேல்லை." பிறகு, "கடிதம் நல்ல விளக்கமா எழுதியிருக்கு மாமா, எல்லாருக்கும் விளங்கக்கூடியதா," என்றான்.

அந்தக் கடிதத்தை யார் எழுதினது என்று அவனுக்குத் தெரியாது. கஜந்தினிக்கு நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றுக்குக் கேதீஸ்வரன் வந்தான், வேலை இடத்துச் சேற்றுச் சப்பாத்தைக் கழற்றாமலே. கஜந்தினிக்கு நடந்தது ஒன்றும் அவனுக்கு அதுவரை தெரியாது. களஞ்சியம் பூட்டுகிறது என்று கதிர் அவனுக்கும் போன் எடுத்திருக்கிறான். அதைச் சொல்லத்தான் ஓடி வந்தான். "அக்கா, சாமிதான் என்னைக் காப்பாற்றினது! மார்கழி எண்டு பிள்ளை சொல்லாட்டி நான் இண்டைக்கு நடுத்தெருவில!" என்று கத்திக்கொண்டு உள்ளே வந்தவன் எங்களைப் பார்த்து நின்றான். உஷாதான் சொன்னாள். சாமி அறையில் இருந்தபடியே, எழும்பாமல், முழுவதையும் சொன்னாள்.

அவன் கஜந்தினிக்கு முன்னால் இருந்த கதிரையில் இருந்தான்.

"எனக்காகவோ?"

அவள் தலையாட்டினாள்.

"ஆர் உன்னைக் கேட்டது?" அவன் குரல் உயர்ந்துவிட்டது. "எனக்கு வேலை போனா நான் இன்னொரு வேலை எடுப்பன். எனக்கு என்ன படிப்போ இருக்குப் போறதுக்கு? நீ படிச்சதெல்லாம், உன்ர கொப்பர், அக்கா மலசலம் அள்ளி... ஆர் உன்னைக் கேட்டதடி?"

"மாமா, நான் அந்தக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தனான். அந்த இடத்தில வேலை போற ஆக்களின்ர பட்டியல் எனக்கு முன்னால இருந்தது. நீங்கள் கையெழுத்து வைச்சிருந்தா உங்கட பேரையும் நான்தான் அதில அடிச்சிருப்பன்."

கேதீஸ்வரன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். பன்னிரண்டு மணியாகியும் போன் அடிக்கவில்லை. பன்னிரண்டே காலுக்கு மின்னஞ்சல் வந்தது. கடிதம் வாசிக்கிற அதே மாதிரி முழுவதையும் வாசித்து முடித்தாள்.

"நீங்கள் தந்த பேப்பருக்கு நன்றியாம் பெரியப்பா. நான் கதிருக்குச் சொல்லேல்லை எண்டதை ஏற்றுக்கொள்ளினமாம். ஆனா உள்ள இருக்கிறதை நான் வேற பேரில வெளியில குடுத்தனான், சொந்தக்காரர் இருக்கிறதை மறைச்சனான், அதால என்னை எடுக்கேலாதாம்." உஷா இருந்த பக்கம் திரும்பி, "அவையளில பிழை இல்லை அம்மா," என்றாள்.

அலிசனும் தனியாக இரண்டு வரி எழுதியிருந்தா. நீ நன்றாக வேலை செய்தாய், எனக்கு வருத்தம் என்று. அதை அவள் எங்களுக்கு வாசிக்கவில்லை, திலக்சன் பிறகு கண்டான்.

கதிர்காமநாதன் ஜூன் மாதம் திரும்பிப் போய்விட்டான். விமான நிலையத்துக்கு நான் மட்டும்தான் போனேன். கேதீஸ்வரன் இன்னும் புக்கெகோஹியில்தான் வேலை. அக்கா வீட்டுக்கு அவன் வருவது குறைந்துவிட்டது, வந்தாலும் கஜந்தினியை நேரே பார்க்க மாட்டான்.

கஜந்தினி படிப்பை முடித்துவிட்டாள். பட்டமும் வாங்கிவிட்டாள். வக்கீலாகப் பதிவதற்கு இன்னொரு விண்ணப்பம் போட வேண்டும். அதில் உன்மேல் முன்பு ஏதும் குறை சொல்லப்பட்டதா என்று ஒரு கேள்வி இருக்கிறதாம். அதற்கு ஓம் என்று எழுதி, நடந்ததை எழுதி, அந்தக் கந்தோர்க் கடிதத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒரு வருசமாக அவள் அதை அனுப்பவில்லை. வேறு கந்தோர்களுக்கும் போட்டுப் பார்த்தாள். கோடையில் எங்கே இருந்தாய் என்றுதான் எல்லா இடமும் முதலில் கேட்கிறார்கள். இப்போது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் போனில் பதில் சொல்லுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமையில் கடிதத்தோடு வருகிற சனத்தை உஷா வாசலிலேயே திருப்பி அனுப்புகிறாள், பிள்ளை வேலையால் களைச்சுப்போய்ப் படுத்திருக்கிறாள் என்று.

நான் போனால் தேத்தண்ணி போட்டுத் தருவாள். முழங்கால் எப்படி என்று கேட்பாள். ஒரு நாளும் என்னோடு முகம் முறிக்கவில்லை. போன கிழமை நான் உள்ளே போகும்போது போனில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள். என்ன பிள்ளை, நல்ல செய்தியோ என்று கேட்டேன். போனைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, "ஒண்டுமில்லை பெரியப்பா," என்றாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.